கறிவேப்பிலையில முட்டை வைக்கிறது விஷப் பட்டாம்பூச்சியா?

பர்மாவுல யாங்கோன் பக்கத்துல இருக்கற தன்லின்ல இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க. வீட்டுக்குப் பின்னால ஆளுயரத்துக்கு ஒரு கறிவேப்பிலை, பக்கத்துல ஒரு எலுமிச்சை. கருப்பா, பின்ரெக்கையில வெள்ளையும் சிவப்புமா ஒரு பட்டாம்பூச்சி தினமும் வந்து கொழுந்துல உக்காருது, அப்புறம் பாத்தா இலையெல்லாம் புழு. பேரன் போட்டோ எடுத்து போன் ஆப்ல போட்டதுக்கு அது 'காமன் ரோஸ், விஷம் உள்ளது'ன்னு சொல்லிருச்சாம். அதுல இருந்து மாமியார் அந்த மரத்துல ஒரு இணுக்கு பறிக்க விடல, ரசம்கூட கறிவேப்பிலை இல்லாமத்தான் தாளிக்கிறாங்களாம். கடைக்காரர் ஒரு பாட்டில் மருந்து குடுத்திருக்கார், அதை அடிக்கலாமான்னு கேள்வி.

முதல்ல மாமியார்கிட்ட சொல்லிருங்க தங்கச்சி, தாராளமா பறிக்கலாம். ரோஸ் கறிவேப்பிலையில முட்டையே வைக்காது. அதோட புழு ஈஸ்வரமூலி ஜாதிக் கொடியைத் தவிர வேற எதையும் தின்னாது, அந்தக் கொடியில இருக்கற விஷத்தைத்தான் உடம்புல சேத்து வச்சுக்கிட்டு பறவைகிட்ட இருந்து தப்பிக்குது. உங்க மரத்துக்கு வர்றது வேற ஆளு, இங்கிலீஷ்ல காமன் மார்மன், தமிழ்நாட்டுல கறிவேப்பிலை அழகின்னே பேரு வச்சிருக்காங்க. இதுக்கு விஷம் கிடையாது, விஷக்காரியோட சேலையைக் கட்டிக்கிட்டு சுத்துது அவ்வளவுதான், ஏற்கெனவே ரோஸைத் தின்னு வாய் கெட்டுப்போன குருவி இதையும் ரோஸுன்னு நெனச்சு விட்டுரும். இந்த வேஷம் போடற சங்கதியை பேட்ஸ்னு ஒரு இங்கிலீஷ்காரப் பூச்சி ஆராய்ச்சியாளர் 1862லயே எழுதிட்டார்.

ரெண்டையும் பிரிச்சுப் பாக்க ரெக்கையைப் பாக்காதீங்க, ரெக்கைதான் ஏமாத்தறதே. உடம்பைப் பாருங்க. ரோஸுக்கு தலைப்பக்கமும் வயித்தோட ரெண்டு பக்கமும் அடியும் குங்குமம் பூசின மாதிரி செவப்பா இருக்கும், அழகிக்கு உடம்பு முழுக்க கருப்புதான். ஆனா மேல நின்னு போட்டோ எடுத்தா ரோஸுக்கும் முதுகு கருப்பாத்தான் தெரியும், பேரன் அப்படித்தான் எடுத்திருப்பான், பாவம் அந்த ஆப்பும் என்ன பண்ணும், ரெக்கையில செவப்பைப் பாத்துச்சு, முதல்ல வந்த பேரைச் சொல்லிருச்சு. குனிஞ்சு பக்கவாட்டுல, ரெக்கையை மூடி உக்காந்திருக்கறப்ப எடுக்கச் சொல்லுங்க. பறக்கறதுலயும் வித்தியாசம் உண்டு, ரோஸ் எனக்கென்னன்னு மெதுவா மிதந்து போகும், அழகி சும்மா போறப்ப அதே மாதிரி நடிக்கும், கையை வீசிப் பாருங்க, நடிப்பெல்லாம் மறந்து தாறுமாறா பிச்சுக்கிட்டு ஓடும்.

இன்னொண்ணு எழுதியிருக்காங்க, இந்த செவப்புப் புள்ளிக்காரியோட செவப்பே இல்லாத, பின்ரெக்கையில வெள்ளைப் பட்டை மட்டும் இருக்கற கருப்புப் பட்டாம்பூச்சி ஜோடி சேந்து இருந்துச்சாம், ரெண்டு ஜாதி கலந்துருச்சோன்னு பயம். கலக்கல தங்கச்சி, அதுதான் நமக்குக் கெடைச்ச சாட்சியே. அந்த வெள்ளைப் பட்டைதான் அழகியோட ஆம்பள. ஆம்பளைக்கு எப்பவும் அந்த ஒரே உடுப்பு, பொம்பளையில மட்டும் சிலது ரோஸ் வேஷம் போடும், சிலது வேஷமே போடாம ஆம்பள மாதிரியே இருக்கும். அதாவது ஒரே தாய் வச்ச முட்டையில இருந்து செவப்பு உள்ள பொண்ணும் வரலாம், செவப்பு இல்லாத பொண்ணும் வரலாம், டபுள்செக்ஸ்னு ஒரே ஒரு ஜீன்தான் இதைத் தீர்மானிக்குதுன்னு 2014ல கண்டுபிடிச்சாங்க. அதனால வெள்ளைப் பட்டையோட ஒண்ணு வந்து முட்டை வச்சா 'ஆம்பள முட்டை வைக்குது'ன்னு எனக்கு எழுதாதீங்க, ஏற்கெனவே ரெண்டு பேர் எழுதிட்டாங்க. பின்ரெக்கையில வால் நீட்டிக்கிட்டு இருக்கற மத்த கருப்புப் பட்டாம்பூச்சிங்களை இப்ப விட்டுருவோம், அதுக்குள்ள போனா விடிஞ்சிரும்.

புழுவைப் பாத்தா இன்னும் சுலபம். உங்க மரத்துல இருக்கறது சின்னதுல குருவி எச்சம் மாதிரி பழுப்பும் வெள்ளையுமா கெடக்கும், பெருசானா இலைப்பச்சை. ஈர்க்குச்சியால லேசா தொடுங்க, கழுத்துல இருந்து நாக்கு பிளந்த மாதிரி ரெண்டு கொம்பு ஈரமா வெளிய வரும், ஒரு காட்டமான வாடை அடிக்கும், கொஞ்ச நேரத்துல உள்ள இழுத்துக்கும். பேரனுக்குக் காட்டுங்க, கடிக்காது. ரோஸ் புழு கருஞ்செவப்பா, உடம்பெல்லாம் சதை முள்ளு, நடுவுல வெள்ளையா ஒரு பட்டை, அது உங்க மரத்துல இருக்காது. எலுமிச்சையில மஞ்சளும் கருப்புமா வாலில்லாத ஒண்ணும் வந்து முட்டை வைக்கும், அதுவும் விஷமில்ல.

இப்ப அந்த பாட்டில். என்ன மருந்துன்னு கேட்டா சீன எழுத்துல லேபிள்னு எழுதியிருக்கீங்க. 1990லயே நம்ம நாட்டுல பூச்சிமருந்து சட்டம் வந்தாச்சு, பதிவு பண்ணாத மருந்தை விக்கக்கூடாது, ஆனா கடையில போய்ப் பாருங்க, படிக்கத் தெரியாத லேபிளோட வரிசையா நிக்கும், சிலதுல லேபிளே இருக்காது, பெரிய டப்பாவுல இருந்து தண்ணி பாட்டில்ல ஊத்திக் குடுப்பாங்க. இதைக் கேக்கப்போய் நான் ஒரு ஆபீஸ்ல மூணு நாள் பெஞ்சுல உக்காந்தேன், நாலாவது நாள் அது எங்க செக்சன் இல்லன்னுட்டாங்க. கடைக்காரருக்கு நெல்லுக்கும் கறிவேப்பிலைக்கும் ஒரே மருந்துதான், விக்கணும் அவ்வளவுதான். கறிவேப்பிலை நாம அடிச்ச மறுநாளே பறிச்சு துவையல் அரைக்கிற சாமான். பட்டாம்பூச்சி விஷம்னு பயந்துக்கிட்டு நிஜ விஷத்தை கொழுந்துல ஊத்துவீங்களா? ஏற்கெனவே அடிச்சிருந்தா எத்தனை நாள்ல பறிக்கலாம்னு என்னைக் கேக்காதீங்க, மருந்து பேரே தெரியாம நான் எப்படிச் சொல்ல, அடிச்ச கிளையெல்லாம் கழிச்சுப் போட்டுட்டு புதுத் தளிர் நல்லா வந்தப்புறம் பறிங்க.

விஷம்னு பேச்சு வந்ததால இதையும் சொல்லிர்றேன், பாம்புக்கடிக்கு, மூட்டுவலிக்குன்னு வேர்ப்பொடி தூக்கிக்கிட்டு வீடு வீடா வர்றவங்க குடுக்கறதுல ஈஸ்வரமூலியும் இருக்கும். ரோஸ் புழு சேத்து வைக்கிறதும் அதே சரக்குதான், அரிஸ்டோலோக்கிக் அமிலம். பூச்சிக்கு அது கவசம், நமக்கு கிட்னியைத் தின்னுரும், புத்துநோயும் வரும். 1990கள்ல பெல்ஜியத்துல உடம்பு இளைக்க இந்த ஜாதிச் செடி கலந்த மாத்திரை சாப்பிட்டு நூறு பொம்பளைங்களுக்கு மேல கிட்னி கெட்டுப்போச்சு. பாம்பு கடிச்சா நேரா ஆஸ்பத்திரி, பொடிக்காரன் வந்தா கேட்டைத் தொறக்காதீங்க.

பர்மாக் காட்டு இலாகாவுல இருந்த பிங்ஹாம்னு ஒரு வெள்ளைக்காரர் 1907லயே இந்தப் பட்டாம்பூச்சிங்களைப் பத்தி தடியா புத்தகம் போட்டுட்டார். நம்ம சனம் கையில வச்சுப் படிக்கிற மாதிரி தமிழ்ல ஒரு சின்னக் கையேடு இன்னிக்கு வரைக்கும் என் கண்ணுல படல, அதனாலதான் ஒரு ஆப் சொன்னதை நம்பி வீட்டுல ரசம் வாடுது.

மரம் ஆளுயரம் இருக்குன்னா நாலஞ்சு புழு தின்னாலும் திரும்பத் துளிர்த்துரும். கன்னா இருந்தா மட்டும் பழைய கொசுவலையை மேல போத்தி அடியில கட்டிருங்க. புழு அதிகமா இருந்தா கையால எடுத்து எலுமிச்சைக்கு மாத்திவிடுங்க, கொன்னா பக்கத்து வீட்டு பர்மாக்காரம்மா சும்மா இருக்க மாட்டாங்க, அவங்க பாஷையில பட்டாம்பூச்சிக்கும் உயிருக்கும் ஒரே வார்த்தைதான், லெய்ப்பியா. பறிச்ச இலையில புழு எச்சம் உருண்டை உருண்டையா ஒட்டியிருக்கும், ரெண்டு தண்ணி அலசிட்டு தாளிங்க.