ஸ்பிண்டில் முதலில் கெட்டதா, பர் முதலில் உடைந்ததா?

கேள்வி: ஈரோட்டில் பல் லேப் நடத்துகிறேன். ஏழு பேர் வேலை பார்க்கிறார்கள். மில்லிங் மெஷின் இரண்டு ஓடுகிறது. புனேயில் உள்ள தயாரிப்பாளரிடம் நேரடியாக ஜிர்கோனியா (பல் செய்யும் பீங்கான்) வெட்டும் 40 பர் (சுழலும் வெட்டுமுனை) வாங்கினேன், 2.0 மி.மீ., 1.0 மி.மீ. அளவுகள், ஒன்று ரூ.3,200. அவற்றில் 17 பர் உடைந்தோ, முனை பெயர்ந்தோ போயின. மார்ஜின் (ஓரம்) பெயர்ந்து திரும்பி வந்த 74 கிரவுன்களை (பல் உறைகளை) மறுபடி செய்து கொடுத்தேன். பத்தாம் மாதத்தில் ஒரு மெஷினின் ஸ்பிண்டில் (பரைச் சுழற்றும் தண்டு) நின்றுவிட்டது. ‘வெளி பர் போட்டதால் வாரண்டி கிடையாது, ஸ்பிண்டிலுக்கு ரூ.2,60,000 கட்டுங்கள்’ என்கிறது மெஷின் கம்பெனி. ‘உங்கள் ஸ்பிண்டில் ஆடுகிறது’ என்கிறது பர் கம்பெனி. பர் பில்லில் பாதி, ரூ.64,000, நிறுத்தி வைத்திருக்கிறேன். நுகர்வோர் ஆணையத்தில் இருவர் மீதும் ரூ.10 லட்சம் கேட்கலாமா?

பதில்: விற்பனைப் பிரதிநிதி போனில் மரியாதை இல்லாமல் பேசியது, கண்காட்சியில் வாய்வார்த்தையாக வாக்குக் கொடுத்தது, இரண்டு டாக்டர்கள் வேறு லேபுக்குப் போனது என்று கடிதத்தில் பெரும்பகுதி எழுதியிருக்கிறீர்கள். வருத்தம் நியாயமானது, வழக்குக்கு உதவாது. நீதிபதி கேட்கப்போவது ஒன்றைத்தான்: ஸ்பிண்டில் ஆடியதால் பர் உடைந்ததா, மோசமான பர் ஓடியதால் ஸ்பிண்டில் கெட்டதா? அதைக் காட்ட உங்களிடம் என்ன இருக்கிறது?

முதலில் நுகர்வோர் ஆணையத்தை மறந்துவிடுங்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(7) பிரிவு வணிக நோக்கத்துக்கு வாங்கியவரை விலக்குகிறது. சொந்தப் பிழைப்புக்காகத் தானே உழைப்பவருக்கு மட்டும்தான் விதிவிலக்கு. 1995-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த லட்சுமி இன்ஜினீயரிங் ஒர்க்ஸ் - பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிட்யூட் வழக்கே சி.என்.சி. மெஷின் பற்றியதுதான், வாங்கியவர் நுகர்வோர் இல்லை என்று முடிந்தது. தானே மெஷினில் உட்கார்ந்து ஒன்றிரண்டு பேர் உதவியோடு வேலை செய்பவருக்கு அந்தத் தீர்ப்பு இடம் விட்டிருக்கிறது. ஏழு ஊழியர், இரண்டு மெஷின் என்றால் எதிர்த்தரப்பின் முதல் மனுவே இதுவாகத்தான் இருக்கும். உங்களுக்கு மிஞ்சுவது உரிமையியல் வழக்கு. கோரிக்கை ரூ.3 லட்சத்தைத் தொட்டால் வணிக நீதிமன்றம். அங்கே அவசர நிவாரணம் கேட்டாலன்றி வணிக நீதிமன்றச் சட்டம் 12-ஏ பிரிவின்படி சமரசம் பேசிவிட்டுத்தான் வழக்கே போட முடியும்.

யார் பொறுப்பு என்ற சந்தேகத்தில் இருவரையும் ஒரே வழக்கில் சேர்க்க உரிமையியல் நடைமுறைச் சட்டம் ஆணை 1 விதி 7 அனுமதிக்கிறது. ஆனால் அவர்கள் முதலில் ஒருவரை ஒருவர் காட்டுவார்கள், பிறகு இருவரும் சேர்ந்து உங்கள் பராமரிப்பைக் காட்டுவார்கள். இத்தகைய வழக்குகள் தோற்பது அங்கேதான்.

உடைந்த 17 பர்களும் எங்கே? குப்பைக்குப் போயிருந்தால் வழக்கில் பாதி அதோடு போயிற்று. இருந்தால் ஒவ்வொன்றையும் தனிக் கவரில் போட்டு, பேட்ச் எண், எந்த மெஷின், எத்தனை மணி நேரம் ஓடியது என்று எழுதி ஒட்டுங்கள். பிறகு 10 மடங்கு லென்ஸில் பாருங்கள். இரண்டு வெட்டு விளிம்புள்ள பரில் ஒரு விளிம்பு மழுங்கி, மற்றது புதிதுபோல் இருந்தால் அது ரன்-அவுட்டின் அடையாளம். சுழற்சி மையம் விலகி ஒரே விளிம்பு சுமை முழுவதையும் தாங்கியிருக்கிறது. இரண்டும் ஒரே சீராகத் தேய்ந்து, மணிக்கணக்கும் கூடுதலாக இருந்தால் ஆயுள் முடிந்த பரை ஓட்டியிருக்கிறீர்கள். முதல் சில மணி நேரத்திலேயே இரண்டு விளிம்பிலும் வைரப் பூச்சு செதில் செதிலாக உரிந்திருந்தால்தான் தயாரிப்புக் குறை என்று பேச முடியும். பிடிமானத் தண்டில் சுற்றுவாட்டில் கீறல் இருந்தால் கோலெட்டுக்குள் (ஸ்பிண்டிலில் பரைக் கவ்வும் பிடி) பர் நழுவியிருக்கிறது. உள்ளே ஜிர்கோனியா தூள் சேர்ந்திருக்கலாம். இது உங்களுக்கு எதிரான சாட்சி, ஆனாலும் ஒளிக்காதீர்கள். மீதி பர்களை எதிர்த்தரப்பு கேட்டு வாங்கிப் பார்க்கும்போது எப்படியும் வெளிவரும்.

இதைப் பரிசோதனைக் கூடத்தில் எழுதி வாங்குங்கள். கோவையில் என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்ற உலோகப் பரிசோதனைக் கூடங்கள் உண்டு. பெட்டி பிரிக்காத பர் ஒன்றையும் ஒப்பீட்டுக்குச் சேர்த்துக் கொடுங்கள். எல்லாவற்றையும் கொடுத்துவிடாமல் பாதியைக் கையில் வையுங்கள். நீதிமன்றம் பிற்பாடு ஆணை 26 விதி 10-ஏ-யின்படி அறிவியல் ஆய்வுக்கு ஆணையரை நியமித்தால் பார்க்க ஏதாவது இருக்க வேண்டும்.

அடுத்தது ஸ்பிண்டில். கட்சிக்காரர்கள் திரும்பத் திரும்ப விழும் குழி இது. லேப் நின்றுவிட்டதே என்ற பதற்றத்தில் சர்வீஸ் என்ஜினீயர் வந்ததும் பழைய ஸ்பிண்டிலைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, அவர் நீட்டும் சர்வீஸ் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுகிறார்கள். அதில் ‘அங்கீகரிக்கப்படாத பர் பயன்பாட்டால் சேதம்’ என்று ஒரு வரி இருக்கும். உங்கள் கையெழுத்துக்கு மேலே அந்த வரி இருந்தால் ஆயிரம் வாதம் வைத்தாலும் கரைப்பது கடினம். ஸ்பிண்டில் கழற்றும் முன், கையால் சுழற்ற முடிந்தால், கோலெட்டைச் சுத்தம் செய்து, நேரான அளவுத் தண்டு ஒன்றைப் பொருத்தி, டயல் கேஜ் வைத்துச் சுற்றி, முள் எவ்வளவு ஆடுகிறது என்பதை என்ஜினீயர் முன்னிலையில் வீடியோ எடுங்கள். அந்த எண்ணை ரிப்போர்ட்டில் எழுதச் சொல்லுங்கள். அவர் மறுத்தால் ‘காரணம் குறித்த கருத்தை ஏற்கவில்லை’ என்று உங்கள் கையாலேயே எழுதிக் கையெழுத்திடுங்கள்.

மென்பொருள் பதிவும் அப்படித்தான். பர் ஆயுள் எண்ணிக்கை முடிந்ததும் புதுப் பர் போடாமல் எண்ணை மட்டும் பூஜ்யமாக்கி ஓட்டுவது பல லேப்களில் வழக்கம். உங்கள் டெக்னீஷியன் அப்படிச் செய்திருந்தால், வாங்கிய பர் பில்லையும் எண்ணைப் பூஜ்யமாக்கிய தடவைகளையும் எதிர்த்தரப்பு பக்கத்தில் பக்கத்தில் வைக்கும். அன்றே உங்கள் வழக்கு முடிந்தது. வழக்குப் போடுவதற்கு முன்பே டெக்னீஷியனிடம் கேட்டுவிடுங்கள். சுத்தமாக இருந்தால், சர்வீஸில் மென்பொருளை மறுபடி ஏற்றும் முன் பதிவை நகல் எடுத்து வையுங்கள். பாரதிய சாட்சிய அதிநியமம் 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் ஹாஷ் மதிப்போடு (கோப்பு மாறவில்லை என்று காட்டும் குறியீடு) இணைக்கப்படாத நகலை நீதிமன்றம் ஏற்காது. கோலெட் சுத்தம் செய்த தேதிகள், கம்ப்ரஸர் காற்றின் ஈரம் வடித்த தேதிகள் உள்ள நோட்டு இருந்தால் அதையும் எடுத்து வையுங்கள். இல்லையென்றால் இப்போது உட்கார்ந்து எழுதாதீர்கள். ஒரே பேனாவில் பத்து மாதம் எழுதிய நோட்டு எந்த நீதிமன்றத்திலும் நின்றதில்லை.

வாரண்டி வாசகத்தைச் சொல் சொல்லாகப் படியுங்கள். ‘வேறு பர் பயன்படுத்தினால் வாரண்டி ரத்து’ என்றிருந்தால் உங்கள் நிலை பலவீனம். ‘வேறு பரால் ஏற்படும் சேதத்துக்கு வாரண்டி இல்லை’ என்றிருந்தால், பரால்தான் சேதம் என்று காட்டும் சுமை பெரிதும் கம்பெனி பக்கம் சாயும். உங்கள் பேரம் முழுவதும் இந்த ஒரு சொல்லில்தான் நிற்கிறது.

நிறுத்தி வைத்த ரூ.64,000 எனக்கு அதிகக் கவலை தருகிறது. புனே கம்பெனி உத்யம் (சிறுதொழில்) பதிவு பெற்ற சிறு உற்பத்தியாளராக இருக்க வாய்ப்பு அதிகம். பில்லில் எண் இருக்கும், பாருங்கள். சரக்கு வந்த 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் தெரிவித்தீர்களா? வாட்ஸ்அப்பில் உடைந்த பர் படம் மட்டும் அனுப்பினால் அதை ஆட்சேபம் என்று வாதாட வேண்டியிருக்கும். ஆட்சேபம் இல்லையென்றால் சரக்கை ஏற்றதாகவே எம்.எஸ்.எம்.இ. சட்டம் கொள்ளும். அதிகபட்சம் 45 நாள் தாண்டினால் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாக ஏறும். புனே கம்பெனி தன் ஊரில், இத்தகைய பாக்கித் தகராறைத் தீர்க்கும் வசதிக் குழுவிலேயே மனுப் போடலாம். நீங்கள் புனேக்குப் பதில் சொல்ல வேண்டிவரும். தீர்ப்பு எதிராக வந்தால் 75 சதவீதம் கட்டிய பிறகுதான் அதை எதிர்க்கவே முடியும். குறைக்கு ஈடாக விலையைக் கழிக்கும் உரிமை சரக்கு விற்பனைச் சட்டம் 59-இல் உண்டு. அதைச் சும்மா இருந்து பயன்படுத்த முடியாது. எந்த பர், எந்தக் குறை, எவ்வளவு கழிக்கிறோம் என்று இந்த வாரமே கடிதம் அனுப்புங்கள். குறையில்லாத பர்களுக்கான தொகையைக் கட்டிவிடுங்கள்.

என் கருத்து, சமாதானம் செய்யுங்கள். ரூ.10 லட்சம் வராது. போன டாக்டர்களின் வருமானத்தை ஒப்பந்தச் சட்டம் 73-இன் கீழ் தொலைதூர இழப்பு என்று தள்ளிவிட நிறைய இடமுண்டு. பர் கம்பெனியிடம் பிரிக்காத பெட்டிகளைத் திருப்பிக் கொடுத்து, 17 பருக்கு ஜி.எஸ்.டி. கிரெடிட் நோட் (பில் தொகையையும் வரியையும் குறைத்துக் காட்டும் சீட்டு) கேளுங்கள். நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30-க்குள் வாங்கினால்தான் வரிச் சரிக்கட்டல் கிடைக்கும். மெஷின் கம்பெனியிடம் ஸ்பிண்டில் விலையில் பாதிக்கு ஒப்புக்கொண்டு, புது ஸ்பிண்டிலுக்கு முழு வாரண்டியும், எந்த பர் ஏற்கப்படும் என்ற பட்டியலும் எழுத்தில் வாங்குங்கள். இரண்டு கடிதத்திலும் ‘உரிமைகளுக்குப் பாதகமின்றி’ என்று தலைப்பிடுங்கள். பழைய ஸ்பிண்டிலை மட்டும் ஒப்பந்தம் கையெழுத்தாகும் வரை லேபை விட்டு வெளியே விடாதீர்கள்.