வரைபடம் யார் கையில்?

மதிப்பிற்குரிய ஐயா,

பாலக்கோட்டுக்கு அருகே ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். பிளஸ் டூ படிக்கும் என் மகள் பி.ஆர்க். என்னும் கட்டடக்கலைப் பட்டப்படிப்பில் சேர வேண்டும் என்கிறாள். ஆண்களோடு சைட்டில் ஏறி இறங்கும் வேலை பெண்பிள்ளைக்கு எதற்கு என்று என் அண்ணன் கேட்கிறார். கட்டடக்கலைத் தொழிலில் பெண்களும் கறுப்பினத்தவரும் ஒதுக்கப்பட்டதைப் பற்றிய கட்டுரை ஒன்றை மகள் படித்துக் காட்டினாள். கட்டடத்தில் ஆண், பெண், கறுப்பு, வெள்ளை என்று உண்டா? அந்த அமெரிக்க விவகாரம் நமக்கு எதற்கு? அவளை அனுப்பலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

அனுப்புங்கள். உங்கள் அண்ணனின் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் வீடு கட்டும் இடம் எதற்குச் சென்றாலும் கலவைச் சட்டியுடன் சாரம் ஏறும் பெண்களைக் காணலாம். இங்கிருந்து பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகும் குடும்பங்களிலும் அப்படித்தான். உதவியாளாகச் சேரும் பையன் சில ஆண்டுகளில் கரண்டி பிடித்துக் கொத்தனாராகிறான், பிறகு மேஸ்திரியாகிறான். அவனுடன் வேலைக்கு வந்த பெண்ணோ தலை நரைத்த பிறகும் சித்தாள் கூலியே வாங்குகிறாள். சைட்டில் பெண் இருப்பதை நம் ஊரில் யாரும் தடுத்ததில்லை. அவள் கைக்குக் கரண்டியும் வரைபடமும் போவதைத்தான் தடுத்து வந்திருக்கிறோம்.

தொழிலின் உச்சியிலும் இதே நிலைதான். கட்டடக்கலையின் உயரிய விருதாகக் கருதப்படும், 1979இல் தொடங்கிய பிரிட்ஸ்கர் விருதை ஒரு பெண் பெற 2004 வரை, ஸஹா ஹதீத் வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. 1991இல் அவ்விருது அமெரிக்கக் கட்டடக்கலைஞர் ராபர்ட் வென்சூரிக்கு மட்டும் வழங்கப்பட்டது. அவருடைய மனைவியும் அலுவலகப் பங்காளியுமான டெனிஸ் ஸ்காட் பிரௌன் பல்லாண்டுகள் உடனிருந்து சிந்தித்தும் வரைந்தும் எழுதியும் உழைத்தவர் என்பது எல்லோரும் அறிந்ததாயிருந்தும் அவர் பெயர் சேர்க்கப்படவில்லை. 2013இல் ஹார்வர்டு மாணவியர் இருவர் கையெழுத்து இயக்கம் நடத்தி அவரையும் சேர்க்குமாறு கேட்டபோது, முந்தைய நடுவர்களின் முடிவைத் திருத்த முடியாது என்று விருதுக் குழுவினர் மறுத்துவிட்டார்கள். அந்த மறுப்பை என்னால் இன்றும் ஏற்க இயலவில்லை.

கட்டடத்துக்கு நிறம் இல்லை என்பது உண்மை. ஆனால் அதைக் கட்டச் சொல்பவர் நிறம் பார்க்கிறார். லாஸ் ஏஞ்சலிஸில் பணியாற்றிய கறுப்பினக் கட்டடக்கலைஞர் பால் வில்லியம்ஸ், தம் அருகில் அமர வெள்ளையர்கள் சங்கடப்படுவார்கள் என்பதால் மேசையின் மறுபுறம் இருந்தபடியே அவர்களுக்கு நேராகத் தெரியுமாறு தலைகீழாக வரையப் பழகினார். அவர் வரைந்த வீடுகள் சில இருந்த பகுதிகளில், அவர் குடியேறவே முடியாதபடி விற்பனைப் பத்திரங்களில் தடை எழுதப்பட்டிருந்தது. இதை அமெரிக்க விவகாரம் என்று தள்ளிவிட வேண்டாம். வீட்டு வேலையை ஒப்படைக்கும் முன் “யார் வகையறா?” என்று விசாரிக்கும் ஊரில் வாழ்கிறோம், அங்கே நிறம் செய்வதை இங்கே சாதி செய்கிறது.

இதனால் இழப்பு ஒதுக்கப்பட்டவர்களுக்கு மட்டுமில்லை. 2022இல் பிரிட்ஸ்கர் விருது பெற்ற முதல் ஆப்பிரிக்கரான பிரான்சிஸ் கேரே, புர்கினா ஃபாசோவில் காண்டோ என்னும் சிற்றூரில் பிறந்தவர். புழுக்கமான, நெருக்கமான வகுப்பறையில் படித்தவர். 2001இல் தம் ஊர் மக்களுடன் சேர்ந்து அங்கே ஒரு பள்ளி கட்டினார். மண்கற்களால் சுவர் எழுப்பி, மண்கற்களாலேயே இடைவெளி விட்ட மேல்தளம் அமைத்து, தகரக் கூரையை அதற்கும் மேலே உயர்த்தி நிறுத்தினார். சூடான காற்று மேலேறி வெளியேற வழி கிடைத்தது. பென்னாகரத்திலோ மாரண்டஅள்ளியிலோ சித்திரை வெயிலில் சிமெண்ட் ஷீட்டுக்குக் கீழே அமர்ந்து படித்த ஒருத்தி வரைபடம் வரைய வந்தால், அவள் எதை முதலில் கவனிப்பாள் என்று எண்ணிப் பாருங்கள்.

உங்கள் மகளுக்குச் சில நடைமுறைச் செய்திகள். படிப்பு ஐந்து ஆண்டுகள். பிளஸ் டூவில் கணிதம் வேண்டும். நாட்டா என்னும் கட்டடக்கலை நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். முடித்தபின், 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த கட்டடக்கலை மன்றத்தில் பதிவு செய்தாக வேண்டும். ஓசூரிலோ பெங்களூரிலோ வேலைக்குச் சேரும்போது, தன்னைச் சைட்டுக்கு அனுப்புவார்களா, தான் வரைந்த தாளில் தன் பெயர் இருக்குமா என்று அவள் முதல் நாளே கேட்கட்டும். மகப்பேறு விடுப்பைப் பற்றியும் கேட்கட்டும். பத்துப் பேர்கூட இல்லாத சிறு அலுவலகங்களை மகப்பேறு விடுப்புச் சட்டம் பெரும்பாலும் எட்டுவதில்லை, திறமையான பல பெண்கள் அந்தக் கட்டத்தில்தான் தொழிலை விட்டு விலக நேர்கிறது. கட்டணமும் விடுதிச் செலவும் உறுத்தினால் முதலில் அரசுக் கல்லூரி இடங்களுக்கே முயலுங்கள்.