பழைய வீட்டு வயரிங்: எந்த இடத்துக்கு எந்த சைஸ்? கேள்வி பதில்

கேள்வி (மதுரை): 1985இல் கட்டிய வீட்டை வாங்கப் போகிறோம். வயரில் அச்சு எதுவும் இல்லை. எலக்ட்ரீஷியன் "எல்லாம் 3/20" என்கிறார். ஏசி போடலாமா?

பதில்: 3/20 என்றால் 20 கேஜ் கம்பி மூன்று இழை, சுமார் 2 ஸ்கொயர் எம்எம் (கம்பியின் வெட்டுப்பரப்பு). 3/22 என்றால் 1.2 தான். 7/20 என்றால் 4.6 வரும். மெயினை அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகு ஒரு சுவிட்ச் பாக்ஸைத் திறக்கச் சொல்லுங்கள். ஓர் இழையை மைக்ரோமீட்டரில் அளந்தால் 20 கேஜ் 0.91 மிமீ, 22 கேஜ் 0.71 மிமீ காட்டும். வெறும் கண்ணுக்கு வித்தியாசம் பிடிபடாது. லேசாக வளைத்தாலே மேல்தோல் வெடிக்கிறதா? அப்படியென்றால் சைஸைப் பற்றிப் பேசவே வேண்டாம், மாற்றிவிடுங்கள். ஏசிக்கு எப்படியும் டிபியிலிருந்து (வீட்டின் எல்லா லைனும் பிரியும் பெட்டி) தனியாக 4 ஸ்கொயர் எம்எம் காப்பர் இழுக்க வேண்டும்.

கேள்வி (திருச்சி): லைட், ஃபேனுக்கு?

பதில்: 1.5 ஸ்கொயர் எம்எம்.

கேள்வி (சேலம்): கீசருக்கு 2.5 போதுமா?

பதில்: 3 கிலோவாட் கீசரே 230 வோல்ட்டில் 13 ஆம்பியர்தான் இழுக்கும். தனி லைன் என்றால் போதும். எர்த் இல்லாமல் மட்டும் போடாதீர்கள்.

கேள்வி (கோவை): 16 ஆம்பியர் எம்சிபி (மின்னோட்டம் மீறினால் தானாக அணையும் சுவிட்ச்) அடிக்கடி ட்ரிப் ஆனது. 32 போட்டோம், சரியாகிவிட்டது. வயர் 2.5.

பதில்: சரியாகவில்லை. எச்சரிக்கை மணியைக் கழற்றி வைத்திருக்கிறீர்கள். எம்சிபி காப்பது வயரை. பைப்புக்குள் ஓடும் 2.5 வயர் சுமார் 20 ஆம்பியர் தாங்கும். 32 எம்சிபியோ 36 ஆம்பியர் ஓடினாலும் ஒரு மணி நேரத்துக்கு விழாது, அதன் தரவிதியே அப்படி. சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்தில் ஏறும். 20க்குப் பதில் 36 ஓடினால் மூன்று மடங்குக்கும் மேல். இன்றே 16க்குத் திரும்புங்கள்; அந்த லைனில் எத்தனை சாமான் ஓடுகிறது என்று பாருங்கள்.

கேள்வி (கோவை, மறுபடியும்): ஷார்ட் ஆனால் 32ம் விழுமே?

பதில்: விழும். நான் பயப்படுவது ஷார்ட்டுக்கு அல்ல, ஓவர்லோடுக்கு. அது சுவருக்குள் மெதுவாக வேகும்.

கேள்வி (கரூர்): எங்கள் வீட்டில் பத்து வருடமாக 32தான். ஒன்றும் ஆகவில்லையே?

பதில்: மிக்சி, அயர்ன் பாக்ஸ், கீசர் மூன்றும் ஒரே லைனில் ஒன்றாக ஓடும் நாள் இன்னும் வரவில்லை, அவ்வளவுதான். டிபியைத் திறந்து, எம்சிபியில் நுழையும் இடத்தில் வயரின் தோல் பழுப்பேறியிருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி (ஈரோடு): கீசருக்கு என்ன வயர்?

பதில்: சேலத்துக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கேள்வி (தாம்பரம்): மீட்டருக்கு முன்னால் வரும் சர்வீஸ் வயரை மாற்றலாமா?

பதில்: நீங்கள் தொடக்கூடாது. மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள்.

கேள்வி (நாகர்கோவில்): ஏசி எம்சிபி ட்ரிப் ஆகிறது. 20ஐ 32 ஆக்கலாமா?

பதில்: கோவைக்குச் சொன்னதேதான். வயர் என்ன சைஸ் என்று முதலில் பார்த்துச் சொல்லுங்கள். எம்சிபியை அப்புறம் பேசலாம்.