மோட்டார் சைக்கிளுக்குப் பஞ்சர் கிட்: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி: நானும் என் தம்பியும் ஆளுக்கொரு மோட்டார் சைக்கிளில் நெடுந்தூரம் போய்வருகிறவர்கள். என் வண்டியில் அலாய் சக்கரம், டியூப்லெஸ் டயர். அவன் வண்டியில் ஸ்போக் சக்கரம். ஆள் நடமாட்டமில்லாத சாலையில் பஞ்சரானால் நாங்களே சரிசெய்துகொள்ள ஒரு கிட் வாங்க நினைக்கிறோம். ஸ்ட்ரிப், காளான் வடிவ பிளக், டயருக்குள் ஏற்றும் திரவம், சின்ன கேஸ் குப்பிகள் என்று பல வகைகள் கிடைக்கின்றன. இரண்டு வண்டிக்கும் ஒரே கிட் போதுமா? எதை வாங்கலாம்?

பதில்: ஒரே கிட் இரண்டு வண்டிக்கும் போதாது. பெட்டிக்குள் எத்தனை பொருள்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்துத்தான் பலரும் பஞ்சர் கிட் வாங்குகிறார்கள். ஆனால் முதலில் பார்க்க வேண்டியது வண்டியின் சக்கரத்தை. டியூப்லெஸ் டயரில் ஆணி குத்திய துளையைச் சக்கரத்தைக் கழற்றாமல் வெளியிலிருந்தே அடைத்துவிடலாம். டியூப் போட்ட டயரில் காற்றைப் பிடித்து வைத்திருப்பது உள்ளே இருக்கும் டியூப் என்பதால், வெளியே டயரில் எதைச் செருகினாலும் டியூபில் விழுந்த ஓட்டை அடைபடாது. சக்கரத்தைக் கழற்றி, டயரின் ஒரு விளிம்பை ரிம்மிலிருந்து எடுத்து, டியூபை வெளியே இழுத்தால்தான் வேலை நடக்கும். இரண்டுக்கும் தேவைப்படும் கருவிகள் வேறு. பொதுவாக இருக்கக்கூடியவை பம்பும் காற்றழுத்தமானியும் மட்டுமே.

ஆகவே தம்பியின் சக்கரம் எந்த வகை என்பதைப் புறப்படுவதற்கு முன்பே உறுதிசெய்துகொள்ளுங்கள். பெரும்பாலான ஸ்போக் சக்கரங்களில் ஒவ்வொரு ஸ்போக்கும் ரிம்மின் நடுப்பகுதியைத் துளைத்துக்கொண்டு செல்வதால், அந்தத் துளைகள் வழியாகக் காற்று கசியும். அதனால்தான் அவற்றுக்கு டியூப் தேவைப்படுகிறது. ஸ்போக்குகளை ரிம்மின் ஓரத்தில் பொருத்தி, நடுப்பகுதியைத் துளையின்றி விட்ட சக்கரங்களும் உண்டு. அவை டியூப் இல்லாமலே ஓடும். டயரின் பக்கவாட்டில் ‘டியூப்லெஸ்’ என்று பொறித்திருப்பதை மட்டும் வைத்து முடிவுக்கு வந்துவிடாதீர்கள், ஏனெனில் டியூப்லெஸ் டயரையே ஸ்போக் ரிம்மில் மாட்டி உள்ளே டியூப் போட்டு ஓட்டுவதும் வழக்கத்தில் உள்ளது. அதேபோல அலாய் சக்கரமாக இருந்தும் டியூப் போட்டு வரும் வண்டிகளும் இருக்கின்றன. வண்டியின் கையேட்டைப் பாருங்கள், அல்லது கடைசியாக டயர் மாற்றியவரிடம் கேளுங்கள்.

உங்கள் டியூப்லெஸ் டயருக்கு நான் பரிந்துரைப்பது ஸ்ட்ரிப் வகையைத்தான். பிசுபிசுப்பான ரப்பர் ஊறிய, கயிறு போன்ற அந்தத் துண்டை ஊசியில் கோத்துத் துளைக்குள் திணித்தால், துளையின் வடிவத்துக்கு ஏற்ப அது தன்னை நெருக்கி அடைத்துக்கொள்ளும். துளை வட்டமாக இல்லாமல், கூரிய கல்லோ கண்ணாடியோ கிழித்த கோடாக இருந்தாலும் ஓரளவுக்குச் சமாளிக்கும். ஒன்று போதாவிட்டால் பக்கத்திலேயே இரண்டாவதையும் செருகலாம். காளான் வடிவ பிளக்கின் தலைப்பகுதி டயரின் உட்புறத்தில் விரிந்து உட்கார்ந்துகொள்வதால் அது எளிதில் வெளியே பிதுங்கி வராது என்பது உண்மையான நன்மைதான். ஆனால் எஃகுக் கம்பிப் பட்டைகள் உள்ள ரேடியல் டயரில், ஆணி அறுத்த கம்பிகளின் முனைகள் டயர் சுழன்று நெளியும்போதெல்லாம் அந்தப் பிளக்கின் காம்பை உரசி அறுத்துவிட வாய்ப்பு இருக்கிறது. தவிர, அதைச் செலுத்தும் கருவியில் பாகங்கள் அதிகம். நடுவழியில் ஒன்று தொலைந்தாலும் முழுக் கருவியும் பயனற்றுப் போகும்.

ஸ்ட்ரிப் கிட்களில் தரமானதையும் தரமற்றதையும் பிரித்துக் காட்டுவது கைப்பிடியும் ஊசியும்தான்; வாங்கும்போது இவை இரண்டையும் கையில் எடுத்துப் பார்க்காமல் முடிவெடுக்காதீர்கள். நல்ல தடிப்பான டயரின் ரப்பரைத் துளைத்து ஸ்ட்ரிப்பை உள்ளே செலுத்துவதற்கு உடம்பின் எடையையே அதன்மேல் சாய்க்க வேண்டியிருக்கும். ஸ்க்ரூடிரைவர் போன்ற நேர்க் கைப்பிடி வியர்த்த உள்ளங்கையில் வழுக்கும். ‘டி’ வடிவக் கைப்பிடிதான் உள்ளங்கையால் முழு பலத்தோடு அழுத்த இடம் கொடுக்கும். பிளாஸ்டிக் கைப்பிடிக்குள் கம்பியை வெறுமனே சொருகியிருந்தால், நான்கைந்து முறை முறுக்கியதும் கைப்பிடி தனியே சுழலத் தொடங்கிவிடும், ஆகவே உலோகக் கைப்பிடியில் பற்றவைத்த கம்பியாகப் பார்த்து எடுங்கள். ஊசியின் காதைக் கவனியுங்கள்: அது முழுவதும் மூடிய காதாக இல்லாமல், நுனியில் ஒரு சிறு பிளவு விட்டிருக்க வேண்டும். ஊசியைத் திரும்ப இழுக்கும்போது ஸ்ட்ரிப் அந்தப் பிளவு வழியாக நழுவி டயருக்குள்ளேயே தங்கிவிடுவதற்காக வைத்த பிளவு அது. காதின் உட்புறத்தை விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். நகத்தில் பிசிறு தட்டினால், ஸ்ட்ரிப்பை உள்ளே தள்ளும்போதே அது அறுத்துவிடும்.

கார்களுக்கென்று விற்கும் கிட்களையே இருசக்கர வண்டிக்கும் சேர்த்து விற்பது சாதாரணமாக நடக்கிறது. அவற்றிலுள்ள ஸ்ட்ரிப் தடிப்பாக இருப்பதால், மெல்லிய ஆணி போட்ட சின்னத் துளையை அளவுக்கு மீறிப் பெரிதாக்கினால்தான் அது உள்ளே போகும். தேவையின்றி டயரின் உள் இழைகளை அறுக்க வேண்டிவரும். மெல்லிய ஸ்ட்ரிப்களும் சில தடித்தவையும் கலந்து வைத்திருப்பதே நல்லது. ஸ்ட்ரிப் வெயிலிலும் வண்டியின் சூட்டிலும் கிடந்து காய்ந்துபோகும் பொருள். உறையின் மேலாக அழுத்திப் பார்த்தால் மெத்தென்று அமுங்க வேண்டும், விறைத்துப்போனது ஒட்டாது. பஞ்சர் ஒட்டும் பசையான சொல்யூஷனும் அப்படித்தான்: ஒருமுறை திறந்த பசை டியூபை எவ்வளவு இறுக்கி மூடினாலும் உள்ளே இருப்பது ஆவியாகிக் காய்ந்துவிடும் என்பதால், பெரிய டியூப் ஒன்றைவிடச் சின்ன டியூப்கள் சிலவற்றை வைத்துக்கொள்வது மேல்.

கிட் வாங்கியதும் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. கழித்துப்போட்ட பழைய டயர் ஒன்றில் ஆணியை அடித்து, பிடுங்கி, ஒருமுறை நீங்களே அடைத்துப் பழகுங்கள். துளையைச் சீராக்கும் முறுக்குக் கம்பியை, அதாவது ரீமரை, உள்ளே நுழைப்பதற்கே எவ்வளவு பலம் வேண்டும் என்பது முதல்முறை செய்பவருக்கு வியப்பாக இருக்கும். அந்த வியப்பைச் சாலையோரத்தில் சந்திக்க வேண்டாம்.

உண்மையான பஞ்சரில், ஆணியைக் கண்டவுடன் பிடுங்கிவிடாதீர்கள். காற்று மெதுவாகத்தான் இறங்குகிறது, கடை எட்டும் தூரத்தில் இருக்கிறது என்றால், ஆணியை அப்படியே விட்டுக் காற்றை ஏற்றிக்கொண்டு மெல்ல ஓட்டிப் போய்விடலாம். பிடுங்கித்தான் ஆக வேண்டும் என்றால், சக்கரத்தை உருட்டி, ஆணி உள்ள இடம் மட்கார்டுக்கும் செயினுக்கும் விலகிக் கைக்கு எட்டும்படி வந்ததும் வண்டியை கியரில் நிறுத்துங்கள். ஆணி எந்தச் சாய்வில் ஏறியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டு கட்டிங் பிளையரால் உருவுங்கள். ரீமரும் ஊசியும் அதே சாய்வில் போக வேண்டும். நேராகக் குத்தினால் டயரில் இரண்டாவது துளையை நீங்களே போட்டவராவீர்கள். ரீமரைச் சிலமுறை ஏற்றி இறக்கி, ஸ்ட்ரிப்பின் நடுப்பகுதி ஊசியின் காதில் இருக்கும்படி கோத்து, சொல்யூஷன் தடவி, இரு முனைகளும் ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் வெளியே நிற்கும் வரை தள்ளி, ஊசியைச் சட்டென்று நேராக வெளியே இழுங்கள். வெளியே நீட்டியிருப்பதை இழுத்துப் பிடித்து வெட்டக் கூடாது. டயரின் மேற்பரப்புக்குச் சற்று மேலே, 3 மில்லிமீட்டர் அளவுக்கு விட்டு வெட்டுங்கள். காற்று ஏற்றியபின் அந்த இடத்தில் கொஞ்சம் தண்ணீரோ எச்சிலோ வைத்துப் பார்த்தால் கசிவு இருக்கும் இடத்தில் குமிழி வரும்.

இனி காற்று. கிட் வாங்குவோர் அதிகம் ஏமாறுவது இதில்தான். துளையை எவ்வளவு அழகாக அடைத்தாலும் காற்று ஏற்ற வழியில்லாவிட்டால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். பல கிட்களில் வரும் கார்பன் டை ஆக்சைடு குப்பிகள் பார்வைக்குக் கச்சிதமாக இருந்தாலும், கணக்குப் போட்டால் நிலைமை புரியும். 16 கிராம் குப்பி ஒன்றிலுள்ள வாயு, சாதாரண வளிமண்டல அழுத்தத்தில் சுமார் 9 லிட்டர் இடத்தை நிரப்பும். உட்புறக் கொள்ளளவு 10 லிட்டர் உள்ள டயரில் அது ஏற்றும் அழுத்தம் ஏறக்குறைய 13 பி.எஸ்.ஐ. மட்டுமே. 30 பி.எஸ்.ஐ.க்கு மேல் தேவைப்படும் டயருக்கு அப்படி மூன்று குப்பிகள் வேண்டும். அகலமான பின்பக்க டயராக இருந்தால் அதற்கும் மேல். அடைப்பு சரியாக விழாமல் கசிந்துவிட்டால் அவ்வளவும் வீண், மறுமுறைக்குக் கையில் எதுவும் மிஞ்சாது. வாயு வெளியேறும்போது குப்பி உறைந்துபோகும் அளவுக்குக் குளிர்வதால் கையுறை இல்லாமல் தொடக் கூடாது. இந்த வாயு ரப்பர் வழியாகச் சாதாரணக் காற்றைவிட விரைவாகக் கசியக்கூடியது என்பதால், ஊர் போய்ச் சேர்ந்ததும் அதை இறக்கிவிட்டுக் காற்றை ஏற்ற வேண்டும். இரண்டு குப்பிகளைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம்: டயரின் விளிம்பு ரிம்மைவிட்டு விலகிவிட்டால், மெதுவாக அடிக்கும் பம்பைவிட ஒரே பாய்ச்சலில் வரும் வாயு அதை மீண்டும் உட்காரவைக்க உதவும். ஆனால் அதையே முழுமையாக நம்பிப் புறப்படாதீர்கள்.

பம்பே உங்கள் முதல் தேர்வாக இருக்கட்டும். மெல்லிய சைக்கிள் பம்பு ஓர் அடிக்குக் கொஞ்சம்தான் தள்ளும் என்பதால், கைப்பம்பு வாங்குவதாக இருந்தால் குழல் பருத்ததாகப் பாருங்கள். மடக்கக்கூடிய கால்பம்பு இன்னும் சுலபம். 12 வோல்ட் மின்பம்பு வாங்கினால் அது எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்பதை அதன் அட்டையில் படித்து, உங்கள் வண்டியின் சார்ஜிங் சாக்கெட்டுக்கான ஃபியூஸோடு ஒப்பிடுங்கள். பல வண்டிகளில் அந்தச் சாக்கெட், போன் சார்ஜ் செய்யும் அளவுக்கே பொருத்தப்பட்டிருக்கும். பம்பைச் செருகினால் ஃபியூஸ் போய்விடும். பேட்டரி முனைகளிலிருந்து நேராக, நடுவில் ஃபியூஸ் வைத்த ஒயர் ஒன்றை முன்கூட்டியே போட்டு வைப்பதே முறை. தானே சார்ஜ் வைத்துக்கொள்ளும் சிறு பம்புகளும் நன்றாகவே வேலை செய்கின்றன, மாதக்கணக்கில் பையில் கிடந்ததை எடுத்துப் பார்க்காமல் கிளம்பிவிடாத வரை.

எந்தப் பம்பாக இருந்தாலும் அதன் வாய், உங்கள் வண்டியின் இரண்டு சக்கர வால்வுகளிலும் பொருந்துகிறதா என்று வீட்டிலேயே மாட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் பிரேக் டிஸ்க்கும் மறுபக்கம் செயின் சக்கரமும் நெருக்கிக்கொண்டு நிற்க, நடுவில் இருக்கும் நேர் வால்வுக்குள் நீண்ட பம்பு வாய் நுழையாமல் போவது மிகவும் சாதாரணம். 90 பாகை வளைந்த சிறு இணைப்பு ஒன்று இதற்குத் தீர்வு. காற்று ஏற்றியதும் அதைக் கழற்றி எடுத்துவிடுங்கள். அப்படியே விட்டு ஓட்டினால், சக்கரம் வேகமாகச் சுழலும்போது அதன் எடை ரப்பர் வால்வின் அடிப்பகுதியை இழுத்து அதில் விரிசல் விழச் செய்யலாம். பம்பிலுள்ள அழுத்தமானியோடு ஒப்பிட்டுப் பார்க்கப் பேனா அளவிலான தனி மானி ஒன்றும் கிட்டில் இருக்கட்டும்.

டயருக்குள் ஏற்றும் சீலன்ட் திரவத்தைக் கடைசி வழியாக மட்டும் கருதுகிறேன். சாலையில் படும் பகுதியான டிரெட்டில் விழுந்த சின்னத் துளையை அது அடைக்கும். பெரியதையும் பக்கவாட்டுக் கிழிசலையும் அடைக்காது. உட்புறம் முழுவதும் பூசிக்கொள்வதால், பிறகு உள்ளிருந்து முறையாகப் பேட்ச் போடுவது கடினமாகிறது. சக்கரத்தின் சமநிலையும் கெடலாம். வாங்கினால் தண்ணீரில் கழுவக்கூடிய வகையாகவும் காலாவதித் தேதி தள்ளி இருப்பதாகவும் பாருங்கள்.

தம்பியின் சக்கரம் டியூப் வகைதான் என்றால், அவனுடைய பையில் முதலில் இருக்க வேண்டியது ஒரு புதிய டியூப். சாலையோரத்தில் பேட்ச் ஒட்டுவதைவிட டியூபை மாற்றுவது விரைவானது, நம்பகமானது. முன்சக்கரமும் பின்சக்கரமும் வெவ்வேறு அளவாக இருந்து இரண்டு டியூபுக்கு இடமில்லை என்றால், முன்சக்கர டியூபை மட்டும் எடுத்துச் செல்லலாம். அவசரத்துக்கு அது பின்சக்கரத்திலும் உட்கார்ந்து கடை வரை கொண்டுபோய்ச் சேர்க்கும். பருத்த பின்சக்கர டியூபை ஒடுக்கமான முன் டயருக்குள் மடித்துத் திணிப்பது சரிவராது. டியூபோடு நல்ல எஃகு டயர் லீவர் இரண்டு அல்லது மூன்று, அச்சு நட்டுக்கு ஏற்ற ஸ்பேனர், வால்வு கோர் கழற்றும் சாவி, உப்புத்தாள், பேட்ச், சொல்யூஷன் ஆகியவை வேண்டும். பசையோடு வரும் ஸ்டிக்கர் பேட்ச்கள் சைக்கிளுக்குப் போதுமானவை, மோட்டார் சைக்கிள் டியூபின் சூட்டில் அவை பிரிந்துவிடும். பேட்ச் ஒட்டும்போது சொல்யூஷன் ஈரப் பளபளப்பு மறைந்து மங்கும் வரை பொறுத்திருக்க வேண்டும். ஈரத்தோடு ஒட்டியது நிற்காது. டியூபைத் திரும்ப வைக்கும் முன்பு டயரின் உட்புறத்தைக் கவனமாகத் தடவி, குத்திய ஆணியோ முள்ளோ அங்கேயே இருக்கிறதா என்று தேடுங்கள். இதை மறந்தால் புது டியூபும் அடுத்த சில நிமிடங்களில் போய்விடும்.

எந்தக் கிட்டும் சரிசெய்ய முடியாதவை சில இருக்கின்றன. டயரின் பக்கவாட்டிலோ தோள்பகுதியிலோ விழுந்த ஓட்டையை அடைத்து ஓட்டக் கூடாது. நடுப்பகுதியிலும் 6 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட துளையை அடைத்து நம்பக் கூடாது. முன் டயராக இருந்தால் இன்னும் கண்டிப்பாக இருங்கள், ஏனெனில் அது ஓடும்போது காற்றிழந்தால் வண்டியின் திசை உங்கள் கையில் இருக்காது. பின் டயரை அடைத்தபின்கூட, பின்னால் ஆளை ஏற்றாமல், 80 கிலோமீட்டர் வேகத்துக்கு உள்ளேயே, முடிந்தால் அதைவிடக் குறைவாகவே செல்லுங்கள்; சில கிலோமீட்டர் ஓடியதும் நிறுத்தி அழுத்தத்தை மீண்டும் அளந்து பாருங்கள். ஸ்ட்ரிப் என்பது ஊர் போய்ச் சேர்வதற்கான ஏற்பாடு. அடுத்த நகரத்தில் டயரைக் கழற்றி, உட்புறத்தைச் சோதித்து, காம்போடு கூடிய பேட்ச்சை உள்ளிருந்து போடச் சொல்லுங்கள். காற்றில்லாமல் கொஞ்ச தூரம் ஓட்டியிருந்தால் பக்கவாட்டின் உட்புறம் நொறுங்கியிருக்கக்கூடும், அப்போது டயரையே மாற்ற வேண்டியதுதான். சீலன்ட் ஏற்றியிருந்தால், கடைக்காரர் வால்வைத் திறப்பதற்கு முன்பே அதைச் சொல்லிவிடுங்கள்.