ஸ்டீராய்டு மாத்திரையும் ஏறும் எடையும்: எதைக் குறைப்பது?

கேள்வி: எனக்கு வயது 42. நோய் எதிர்ப்பு ஆற்றல் சொந்த உடலையே தாக்கும் லூபஸ் நோய்க்காக எட்டு மாதங்களாகப் பிரெட்னிசோலோன் என்னும் ஸ்டீராய்டு மாத்திரை எடுத்துவருகிறேன். தொடக்கத்தில் நாளொன்றுக்கு 40 மில்லிகிராம், இப்போது 10. இதற்குள் 9 கிலோ எடை கூடி, முகமும் உப்பிவிட்டது. இரவு உணவை நிறுத்திப் பார்த்தேன். பசி தாங்க முடியவில்லை. மாத்திரையை நானாகவே 5 மில்லிகிராமாகக் குறைத்துக்கொண்டால் எடை இறங்குமா?

பதில்: நீங்களாகக் குறைத்துக்கொள்ள வேண்டாம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிறுநீரகங்களின் மேல் தொப்பி கவிழ்த்தாற்போல் அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் நாள்தோறும் கார்டிசோல் என்னும் ஸ்டீராய்டைத் தாமே சுரக்கின்றன. அந்த அளவு ஏறத்தாழ 5 மில்லிகிராம் பிரெட்னிசோலோனுக்குச் சமமானது. அதைவிடக் கூடுதலான அளவு மாதக்கணக்கில் வெளியிலிருந்து வந்துகொண்டிருந்தால் சுரப்பிகள் தம் வேலையைச் சுருக்கிக்கொள்ளும். மாத்திரை திடீரெனக் குறையும்போது அவை உடனே விழித்துக்கொள்வதில்லை. கடும் களைப்பு, வாந்தி, தலைச்சுற்றல், இரத்த அழுத்த வீழ்ச்சி என்று தொடங்கி அது உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம். அதோடு, அடங்கியிருக்கும் லூபஸ் மறுபடி கிளம்பினால் மருத்துவர் பழைய 40 மில்லிகிராமுக்கே திரும்ப வேண்டிவரலாம். எடைக்கு அஞ்சிக் குறைத்த மாத்திரை, எடையை அதிகம் ஏற்றிய அளவிலேயே உங்களைக் கொண்டுபோய் நிறுத்திவிடும்.

எடைக்கருவி காட்டும் 9 கிலோவை ஒரே பொருளாக நினைத்துவிடக் கூடாது. அதில் நீர் இருக்கும், கொழுப்பு இருக்கும். கரைந்துபோன தசையின் கணக்கு அதில் தெரியாமலே போயிருக்கும். எது எவ்வளவு என்பதை ஓரளவேனும் பிரித்துப் பார்க்காமல் பட்டினி கிடப்பதால் பயனில்லை.

நீரிலிருந்து தொடங்கலாம். ஸ்டீராய்டு, சிறுநீரகம் சோடியத்தை வெளியேற்றவிடாமல் பிடித்துவைக்கும். சோடியம் தங்கினால் நீரும் தங்கும். ஒரு கிலோ உடல்கொழுப்பு சேர ஏறத்தாழ 7,700 கலோரி உபரி வேண்டும் என்பதால், இரண்டே நாளில் இரண்டு கிலோ ஏறியிருந்தால் அது பெரும்பாலும் நீர்தான். மாலையில் கணுக்காலுக்குச் சற்று மேலே, முன்னெலும்பின் மீது கட்டைவிரலால் பத்து விநாடி அழுத்தி எடுத்துப் பாருங்கள்; குழி விழுந்து அப்படியே நின்றால் உடலில் நீர் கோத்திருக்கிறது என்று பொருள். இதற்குத் தண்ணீர் குடிப்பதைக் குறைப்பது மருந்தல்ல, உப்பைக் குறைப்பதே மருந்து. நாளொன்றுக்கு 5 கிராமுக்குள், அதாவது தட்டையாக எடுத்த ஒரு தேக்கரண்டிக்குள், உப்பு இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. பொட்டலத்தில் அடைத்து வரும் உணவுகளில் ஏற்கெனவே கலந்திருக்கும் உப்பும் இந்த ஒரு கரண்டிக் கணக்கில் சேரும் என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

இங்கே லூபஸ் நோயாளிக்கென்று ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. இந்த நோய் சிறுநீரகத்தையும் தாக்கக்கூடியது. எனவே, கால் வீக்கத்தோடு சிறுநீரில் நுரை மிகுந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, சில நாட்களில் எடை சரசரவென ஏறினாலோ அதை மாத்திரையின் பக்கவிளைவு என்று ஒதுக்கிவிடாமல் உடனே சிறுநீர், இரத்தப் பரிசோதனைகள் செய்துகொள்ள வேண்டும். யாரோ சொன்னார்கள் என்று நீர் பிரிக்கும் மாத்திரையைத் தாமாக வாங்கி விழுங்குவது பொட்டாசியத்தைக் குறைத்து வேறு வில்லங்கத்தில் கொண்டுபோய் விடும்.

அடுத்தது பசி. ஸ்டீராய்டு மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியிலுள்ள பசிக் கட்டுப்பாட்டையே மாற்றிவிடுவதால், வயிறு நிறைந்த பின்னும் நிறைவு தோன்றாது. இதை மனவுறுதிக் குறைவு என்று எண்ணி நோயாளிகள் வெட்கப்படுவதைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு சிறு கணக்கைப் போட்டுக் காட்டுவேன். உங்கள் 9 கிலோ முழுவதும் கொழுப்பே என்று வைத்துக்கொண்டாலும், எட்டு மாதத்துக்கு அதைப் பங்கிட்டால் நாளொன்றுக்கு 290 கலோரி அளவில்தான் உபரி வருகிறது. இரண்டரை மேசைக்கரண்டி எண்ணெயில் இருப்பது அவ்வளவுதான். இவ்வளவு சிறிய உபரியைச் சரிசெய்ய ஒரு வேளை உணவையே வெட்ட வேண்டியதில்லை; வெட்டினால் என்ன ஆகும் என்பதை நீங்களே அனுபவித்துவிட்டீர்கள்.

அதற்குப் பதிலாக, பசி எந்த நேரத்தில் எழுகிறது என்பதை இரண்டு வாரம் ஒரு குறிப்பேட்டில் எழுதிவாருங்கள். என்ன சாப்பிட்டீர்கள் என்பதைக் காட்டிலும் எத்தனை மணிக்கு என்பதே முக்கியம். என்னிடம் வரும் குறிப்பேடுகளில் காலைப் பக்கம் ஒழுங்காக இருக்கும்; மாலை நான்கு மணிக்கு மேல்தான் வரிகள் நெருங்கத் தொடங்கும். உங்கள் ஏடும் அப்படியே இருந்தால் நான்கு மணிக்குச் சற்று முன்னரே, புரதமும் நார்ச்சத்தும் உள்ள எதையாவது திட்டமிட்டுச் சாப்பிட்டுவிடுங்கள். பசி முற்றிய பிறகு தேர்ந்தெடுக்கும் உணவு பெரும்பாலும் இனிப்பாகவோ வறுத்ததாகவோதான் இருக்கும். ஒவ்வொரு வேளையும் தட்டில் பாதி காய்கறியாக இருக்கட்டும். புரதத்தின் அளவை மட்டும், உங்கள் சிறுநீரக நிலையை அறிந்த மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். மாத்திரையை மாலையில் எடுப்பவராக இருந்தால், அதைக் காலை உணவுக்குப் பின் ஒரே வேளையாக எடுக்கலாமா என்றும் கேளுங்கள். ஸ்டீராய்டு தூக்கத்தைக் கெடுக்கும், விழித்திருக்கும் இரவோ நேரே சமையலறைக்குத்தான் நடத்திச் செல்லும்.

இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது இரத்தச் சர்க்கரை. காலையில் எடுக்கும் பிரெட்னிசோலோன் பிற்பகலிலும் மாலையிலும்தான் சர்க்கரையை ஏற்றும். ஆகவே வெறும் வயிற்றுப் பரிசோதனை மட்டும் செய்துவிட்டு எல்லாம் சரியாக இருக்கிறது என்று திரும்பிவிடக் கூடாது. மதிய உணவுக்கு இரண்டு மணி நேரம் கழித்து ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

தசையைப் பற்றி நோயாளிகள் கேட்பதில்லை, ஆனால் நான் அதிகம் கவலைப்படுவது அதைப் பற்றித்தான். ஸ்டீராய்டு தொடை, இடுப்பு, தோள் தசைகளைக் கரைக்கும். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, நாற்காலியிலிருந்து கையூன்றாமல் ஐந்து முறை எழுந்து அமர்ந்து பாருங்கள். மூன்றாம் முறையே தொடை தளர்ந்தால், பட்டினியால் நீங்கள் இழக்கும் எடையில் ஒரு பங்கு தசையாகத்தான் இருக்கும். இந்த எழுந்தமர்தலையே வாரத்தில் இரண்டு மூன்று நாள் பயிற்சியாகச் செய்து எண்ணிக்கையை மெல்லக் கூட்டலாம். வாரத்துக்கு 150 நிமிட நடையும் சேரட்டும். வெயில் லூபஸைத் தூண்டும் என்பதால் நடையை அதிகாலையிலோ வீட்டுக்குள்ளோ வைத்துக்கொள்ளுங்கள். தொடையிடுக்கில் விடாத வலி இருந்தால் மட்டும் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். இரத்த ஓட்டம் குன்றி இடுப்பு மூட்டின் எலும்பு பழுதாவது, நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கு நேரக்கூடியதே.

முக உப்பலுக்கு முகப்பயிற்சியோ மசாஜோ உதவாது. கொழுப்பைக் கைகால்களிலிருந்து முகத்துக்கும் வயிற்றுக்கும் பின்கழுத்துக்கும் இடம் மாற்றுவது கார்டிசோல் மிகுதியின் இயல்பு. மருந்தாக ஸ்டீராய்டு வருவதற்கு முன்பே, உடல் தானாக அதை மிகுதியாகச் சுரக்கும் நோயாளிகளிடம் ஹார்வி குஷிங் என்ற அறுவை மருத்துவர் இதே தோற்றத்தை 1932இல் விவரித்திருக்கிறார். மாத்திரை அளவு இறங்க இறங்க இந்த உப்பலும் வற்றும். அதற்குப் பல மாதங்கள் பிடிக்கும். பசியால் சேர்ந்த கொழுப்போ தானாகப் போகாது, அதற்கு மேற்சொன்ன உணவு ஒழுங்கே வழி. 10 மில்லிகிராம் நடக்கும்போது எடை மேலும் ஏறாமல் நின்றாலே நான் அதை வெற்றியாகத்தான் எண்ணுவேன். இறங்கினால் வாரத்துக்கு அரை கிலோவுக்கு மேல் வேண்டாம்.

நீங்கள் குறிவைத்த 5 மில்லிகிராம் தவறான எண்ணல்ல. யூலார் எனப்படும் ஐரோப்பிய வாதநோய் மருத்துவச் சங்கங்களின் கூட்டமைப்பு, லூபஸ் நோயாளிகளின் நீண்ட காலப் பராமரிப்பு அளவு 5 மில்லிகிராமைத் தாண்டாதிருக்க வேண்டும், முடிந்தால் அதையும் நிறுத்த வேண்டும் என்றே 2023இல் பரிந்துரைத்திருக்கிறது. ஆனால் அங்கே போய்ச் சேர, ஹைட்ராக்சிகுளோரோகுயின், அசாதையோபிரின், மைக்கோபீனோலேட் போன்ற மருந்துகள் நோயின் சுமையைத் தாங்கிக்கொள்ள வேண்டும். அதன் பிறகே ஸ்டீராய்டு படிப்படியாக இறங்கும். அடுத்த சந்திப்பில், “என் நோய் இப்போது அடங்கியிருக்கிறதா, 5 மில்லிகிராமுக்கு இறங்க என்ன திட்டம் வைத்திருக்கிறீர்கள், எலும்புக்குக் கால்சியமும் வைட்டமின் டியும் தேவையா?” என்று நேரடியாகக் கேளுங்கள். பசிக் குறிப்பேட்டையும், வாரம் ஒருமுறை காலையில் கழிவறை சென்று வந்ததும் எடுத்த எடைக் கணக்கையும் கையோடு கொண்டுபோங்கள். எடையைத் தினமும் பார்க்கத் தேவையில்லை, திடீர் வீக்கம் தெரிந்தாலொழிய.