தெருமரங்களைக் காப்பாற்றுவது எப்படி? டர்பன் தொண்டர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் உள்ள தமிழர் குடியிருப்புகளில் மரம் நட்டு வளர்க்கும் தொண்டர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, தெருமரப் பராமரிப்பில் நீண்ட அனுபவமுள்ள அக்கா ஒருவர் பதில் அளிக்கிறார்.

சாட்ஸ்வொர்த்: அக்கா, மர வாரத்தில் எங்கள் கோயில் இளைஞர்கள் தெருவோரம் நட்ட கன்றுகளில் பாதிக்கு மேல் பட்டுப்போய்விட்டன. மண் சரியில்லையா?

மண்ணைக் குறை சொல்லும் முன், ஜூன் மாதத்தில் தண்ணீர் ஊற்றியது யார் என்று சொல்லுங்கள் தம்பி. மர வாரம் செப்டம்பர் முதல் வாரம். அப்போது நடும் கன்று, அக்டோபர் முதல் மார்ச் வரை பெய்யும் மழையில் தானாகவே தழைக்கும். எல்லோரும் நிம்மதியாகிவிடுவார்கள். அடுத்த மே முதல் ஆகஸ்ட் வரை, இங்கே குளிர்காலத்தில், மழை குறையும்போதுதான் அது சாகிறது. முதல் இரண்டு குளிர்காலங்களும் ஒவ்வொரு கன்றுக்கும் வாரம் ஒருமுறை ஒரு பெரிய வாளி, அதாவது சுமார் 20 லிட்டர் தண்ணீர் வேண்டும். மெதுவாக ஊற்றுங்கள். தினமும் ஒரு குவளை தெளித்தால் வேர் மேல்மண்ணிலேயே தங்கிவிடும். எதிர்வீட்டுக்காரர் ஒருவர் பொறுப்பேற்காத இடத்தில் கன்றே நடாதீர்கள். ஐம்பது நட்டுப் படம் எடுப்பதைவிட ஐந்தை வளர்ப்பதையே நான் மதிக்கிறேன்.

இன்னொன்று, பட்டுப்போன கன்றின் அடியைக் குனிந்து பாருங்கள். கணுக்கால் உயரத்தில் பட்டை சீவப்பட்டு, உள்மரம் வெளிறித் தெரிகிறதா? புல்வெட்டும் இயந்திரத்தின் நைலான் இழை செய்த வேலை அது. இலையில் உண்டாகும் உணவு பட்டையின் உட்புறம் வழியாகத்தான் வேருக்கு இறங்குகிறது. பட்டை சுற்றிலும் அறுந்துவிட்டால் வேர் பட்டினியால் சாகும். கன்றைச் சுற்றி அரை மீட்டருக்குப் புல்லைக் களைந்து, சருகு போன்றவற்றால் மண்ணை மூடும் மூடாக்குப் போடுங்கள். இயந்திரம் அருகே வராது, ஈரமும் நிற்கும். மூடாக்கு தண்டைத் தொடக்கூடாது, தொட்டால் பட்டை அழுகும்.

ஃபீனிக்ஸ்: மாரியம்மனுக்குக் கஞ்சி வார்க்கும்போது கோயில் பக்கத்துச் சிரிங்கா மரத்து இலையைத்தான் பயன்படுத்துகிறோம். அதிலேயே இன்னும் சில கன்றுகள் நடலாமா?

வேண்டாம் அம்மா. சிரிங்காவும் வேம்பும் ஒரே குடும்பம், ஆனால் ஒரே மரம் அல்ல. ஒரு காம்பைக் கையில் எடுத்துப் பாருங்கள். வேம்பில் நடு ஈர்க்கின் இருபுறமும் இலைகள் நேராக அமைந்திருக்கும். சிரிங்காவில் அந்த ஈர்க்கிலிருந்து கிளை ஈர்க்குகள் பிரிந்து, அவற்றில்தான் இலைகள் இருக்கும். வேப்பம்பூ வெள்ளை, சிரிங்காப் பூ இளம் ஊதா. குளிர்காலத்தில் இலையெல்லாம் உதிர்ந்து மஞ்சள் காய்கள் கொத்தாகத் தொங்கினால் அது சிரிங்காதான். அந்தக் காய் குழந்தைகளுக்கும் நாய்களுக்கும் நஞ்சு. பறவைகள் விதையை ஓடைக்கரை முழுவதும் பரப்புகின்றன. தென்னாப்பிரிக்காவின் ஆக்கிரமிப்புத் தாவரப் பட்டியலிலும் அது இருக்கிறது. அம்மனுக்கு வேப்பிலைதான் வேண்டுமென்றால், தண்ணீர் தேங்காமல் நல்ல வெயில் படும் இடமாகப் பார்த்துக் கோயில் வளாகத்துக்குள்ளேயே வேம்பு வையுங்கள்.

ஐசிப்பிங்கோ: ஓடையருகே எப்போதும் ஈரமாக இருக்கிறது. நாவல் நடலாமா?

நம் ஊர் நாவல் இங்கே காட்டுக்குள் பரவும் மரம். அதன் உறவான உம்டோனி இந்த மண்ணுக்கே உரியது, ஈரம் அதற்குப் பிடிக்கும். ஊதாப் பழத்தைக் குழந்தைகள் தின்னலாம், பறவைகளும் வரும். தயங்காமல் நடுங்கள்.

மெர்பேங்க்: மரத்தில் ஊசி குத்தியதுபோல் சின்னத் துளைகள். துளைப்பான் வண்டா?

இருக்கலாம். 2017-இல் பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாவரவியல் பூங்காவின் பிளேன் மரங்களில் கண்டறியப்பட்ட வண்டு இது. நீளம் சுமார் 2 மில்லிமீட்டர். பேனா முனை அளவுத் துளையும், அதைச் சுற்றிக் கருத்த ஈரக் கறையோ பிசினோ இருந்தால் சந்தேகப்படுங்கள். வண்டு மரத்தைத் தின்பதில்லை. தான் கொண்டுவரும் பூஞ்சையைத் துளைக்குள் வளர்த்து அதைத் தின்கிறது. அந்தப் பூஞ்சைதான் நீர்க்குழாய்களை அடைத்து மரத்தைக் கொல்கிறது. படம் எடுத்து மாநகராட்சிப் பூங்காத் துறைக்கு உடனே தெரிவியுங்கள். வெட்டிய கட்டையை மட்டும் ஒருபோதும் பிராய் (வெளியில் இறைச்சி சுடும்) அடுப்புக்கென்று வேறு ஊருக்கு ஏற்றிச் செல்லாதீர்கள். விறகோடு வண்டும் பயணம் செய்யும்.

டொங்காட்: மின்கம்பியின் கீழ் என்ன நடலாம்? அனுமதி வேண்டுமா?

வீட்டு வேலிக்கு வெளியே இருப்பது மாநகராட்சி நிலம், ஆகவே முதலில் கேளுங்கள். தண்ணீர்க் குழாய் எங்கே போகிறது என்பதையும் அப்போதே தெரிந்துகொள்ளலாம். கம்பியின் கீழ் சிறிய மரமாக, பூப்பந்து போலப் பூக்கும் பாம்போன் (pompon tree) மரம் போன்றதை வையுங்கள். அத்தி இனம் எதுவும் குழாய்ப் பக்கம் வேண்டாம்.

சாட்ஸ்வொர்த்: வாசலில் உள்ள பழைய மாமரம் குப்பை போடுகிறது என்று அண்டைவீட்டார் மொட்டையடிக்கச் சொல்கிறார்கள்.

மொட்டையடித்தால் வெட்டிய இடங்களில் நெருக்கமாகத் துளிர்க்கும். அந்தப் புதுக் கிளைகளுக்குப் பிடிப்பு இருக்காது, காற்றில் முறிந்து விழும். வெட்டுவாய் அழுகினால் தண்டும் உள்ளே பொள்ளலாகும். தொந்தரவு தரும் கிளையை மட்டும், அது தண்டோடு சேரும் இடத்தில் உள்ள புடைப்புக்குச் சற்று வெளியே அறுங்கள். அண்டைவீட்டாருக்கு இந்த ஆண்டு முதல் கூடை மாங்காயை நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள் அண்ணா, சருகு கூட்டவும் ஒரு கை கொடுங்கள்.