சாட்சி சொல்லும் வீட்டிலிருந்து ஒரு நாவல்

அன்புள்ள ஐயா,

நான் தூத்துக்குடிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவள். தாத்தா உபதேசியாராக இருந்தவர். அப்பா ஒரு காலத்தில் நிறையக் குடித்தார், பிறகு ஒரு கன்வென்ஷன் கூட்டத்தில் மனந்திரும்பினார். எங்கள் வீட்டுக் கதையைத்தான் நாவலாக எழுதிக்கொண்டிருக்கிறேன். முதல் 40 பக்கங்களை அனுப்பியிருக்கிறேன். தமிழ்நாட்டில் கிறிஸ்தவக் குடும்பங்களிலிருந்து நாவல் எழுத வந்தவர்கள் என்று ஒரு மரபு உண்டா? அவர்கள் எப்படி எழுத வந்தார்கள்? அம்மா வருத்தப்படுவார்கள் என்பதால் புனைபெயர் வைத்துக்கொள்ளலாமா? நாவல் பயிற்சி முகாம் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.

ப.

அன்புள்ள ப.,

பயிற்சி முகாம் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, தெரிந்தாலும் சொல்ல மாட்டேன். புனைபெயர் உங்கள் இஷ்டம். ஆனால் இரண்டாம் பக்கத்தில் வருகிற அந்த மூடியில்லாத ஊறுகாய் ஜாடியைப் பார்த்தவுடனே உங்கள் அம்மாவுக்கு எழுதியது யார் என்று தெரிந்துவிடும்.

மரபு உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். தமிழின் முதல் நாவலே ஒரு கத்தோலிக்கர் எழுதியதுதான், இதைப் பள்ளிக்கூடத்திலேயே படித்திருப்பீர்கள். 1826-ல் திருச்சிப் பக்கம் குளத்தூரில் பிறந்து, கோர்ட்டில் வேலை பார்த்து, மாயூரத்தில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை. 1879-ல் வந்த பிரதாப முதலியார் சரித்திரத்தில் நீதி இருக்கிறது, நகைச்சுவை இருக்கிறது, ஞானாம்பாள் என்று ஒரு கெட்டிக்காரப் பெண் இருக்கிறாள், ஆனால் சவரிமுத்துப் பிள்ளையின் மகனான அந்த மனிதரின் வீடு மட்டும் அதில் இல்லை. குறையாகச் சொல்லவில்லை. ஊருக்கெல்லாம் பொதுவான கதை என்றால் தன் வீட்டு வாசலைச் சாத்திவிட்டு வரவேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கலாம். சரி, அவரை இங்கேயே விட்டுவிடுவோம்.

உங்கள் கடிதம் வந்த வாரம் நான் கிருபாபாய் சத்தியநாதன் தன் வாழ்க்கையையே நாவலாக்கிய 'சகுணா'வைத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன், அதனால்தான் இந்தப் பதிலே. 1862-ல் அகமதுநகரில் பிறந்த மராத்திப் பெண், ஆங்கிலத்தில் எழுதியவர். ஆனால் எழுத்தாளர் ஆனது நம்ம சென்னையில். அப்பா ஹரிபந்த் பிராமணராக இருந்து கிறிஸ்தவரானவர். வீட்டில் ஏகப்பட்ட பிள்ளைகள். அப்பா சீக்கிரமே போய்விட, புத்தகங்களைக் கையில் கொடுத்து வளர்த்த அண்ணன் பாஸ்கரும் இளவயதிலேயே இறந்துபோனார். டாக்டருக்குப் படிக்க இங்கிலாந்து போவதாக ஏற்பாடு, உடம்பு தாங்காது என்று அது நின்றுபோனது. அதற்குப் பதிலாக 1878-ல் சென்னை மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தங்கியது டபிள்யூ. டி. சத்தியநாதன் போதகர் வீட்டில், அவர் நம்ம திருநெல்வேலியிலிருந்து போனவர். முதல் வருஷம் நன்றாகப் படித்தார், அப்புறம் உடம்பு படுத்தியது, படிப்பு நின்றது. அந்த வீட்டுப் பையன் சாமுவேலையே கல்யாணம் செய்துகொண்டார். ஊட்டியில் முஸ்லிம் பெண் குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தினார், கணவரின் வேலையோடு ராஜமுந்திரி, கும்பகோணம் என்று அலைந்தார். பிறந்த ஒரே குழந்தை ஒரு வயதுகூட ஆகாமல் போய்விட்டது. 1887-ல் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிப் பத்திரிகையில் 'சகுணா' தொடராக வர ஆரம்பித்தது. 1894-ல், 32 வயதில் இறந்துவிட்டார்.

இந்த வாழ்க்கையை நம் சபையில் ஒருவர் எப்படிச் சொல்வார், நினைத்துப் பாருங்கள். இருளில் இருந்த குடும்பம், ஒளி வந்தது, பாடுகள் வந்தன, விசுவாசத்தில் நிலைத்தாள், இளைப்பாறுதலில் பிரவேசித்தாள், ஸ்தோத்திரம். ஐந்து நிமிஷம். கிருபாபாய் அப்படிச் சொல்லவில்லை. அப்பா புது வழிக்குப் போனபோது அம்மா மனமில்லாமல், தன் ஆட்களையெல்லாம் விட்டுவிட்டு, அழுதுகொண்டு பின்னால் போனாள் என்பதை எழுதினார். நம் ஆட்களை மட்டமாகப் பார்த்த மிஷனரி அம்மாக்களையும் எழுதினார். இத்தனைக்கும் அது ஒரு கல்லூரி மிஷன் பத்திரிகை. விசுவாசத்தை விட்டவரும் இல்லை அவர். அம்மாவின் அழுகையை மட்டும் துடைத்துவிடவில்லை, அவ்வளவுதான்.

நம் வீடுகளில் கதை சொல்லும் திறமைக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் நாம் கதை சொல்லப் பழகிய இடம், சபையில் எழுந்து நின்று கர்த்தர் நமக்குச் செய்ததைச் சொல்லுகிற சாட்சி நேரம். சாட்சிக்கு முடிவு முன்கூட்டியே தெரியும். முடிவுக்கு உதவாத எதையும் அது வழியிலேயே இறக்கிவிட்டுப் போய்விடும்.

என் பெரியம்மா ஒருத்தி இருந்தாள். வருஷக் கடைசி ஆராதனையில் எழுந்து ஒரே சாட்சியைத்தான் சொல்வாள். பெரியப்பாவுக்கு டைபாய்டு, டாக்டர் கைவிட்டார், சபை மூன்று நாள் உபவாசம் இருந்து ஜெபித்தது, நாலாம் நாள் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டார். அந்தக் "கஞ்சி கேட்டாக" வருகிற இடத்தில் பெண்கள் பக்கம் முழுக்க முந்தானை கண்ணுக்குப் போகும். எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது, ஒரு மழைநாளில் அவள் வீட்டு வேதப்புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். முன்பக்க வெற்றுத்தாளில் தாத்தாவின் நீல மைக் கையெழுத்தில் பிறப்பு, ஞானஸ்நானம், கல்யாணம், சாவு எல்லாம் வரிசையாக இருக்கும். அதில் ஒரு பெண் குழந்தையின் பெயர். ஒன்றரை வயது. செத்த தேதி பெரியப்பா படுத்திருந்த அதே வாரம். அதே காய்ச்சல், அதே வீடு. மை அந்த வரியில் மட்டும் கலங்கியிருந்தது, ஈரக்கை பட்டிருக்கவேண்டும்.

கொல்லையில் மீன் உரசிக்கொண்டிருந்தவளிடம் போய், இந்தப் பாப்பாவைப் பற்றி ஏன் சாட்சியில சொல்ல மாட்டேங்கீங்க என்று கேட்டேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. செதிலைத் தள்ளிவிட்டு, "அது சாட்சி இல்லலே. அது எங்கதை" என்றாள்.

நாற்பது வருஷமாகிறது. எழுத உட்காரும்போதெல்லாம் அந்தக் குரல் கேட்கிறது. அந்தப் பாப்பாவை இன்றுவரை நானே எழுதவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், உங்களைத் திட்டப்போவதற்கு முன்னால்.

உங்கள் நாற்பது பக்கங்களை இரண்டு தடவை படித்தேன். கை இருக்கிறது உங்களுக்கு. அசனத்தன்று, அதாவது சபையின் பொது விருந்தன்று, இரவில் பெரிய அண்டாக்களைக் கழுவுகிற பெண்கள் பேசிக்கொள்வதை வேறு யாரும் அப்படி எழுதி நான் பார்த்ததில்லை. ஆனால் ஒவ்வொரு அத்தியாய முடிவிலும் எதற்கு ஒரு வேத வசனம்? யார் கேட்டார்கள்? பயம்தானே? போதகர் ஐயர் படித்தால் என்ன நினைப்பாரோ, சபை என்ன சொல்லுமோ என்று ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் ஒரு ரசீது வெட்டிக் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். எடுத்துவிடுங்கள். வசனத்துக்கு ஒன்றும் ஆகாது.

அப்புறம் அந்தத் தையல் மெஷின். 12-ம் பக்கத்தில் அப்பா அதைத் தலையில் வைத்துத் தூக்கிக்கொண்டு போய் விற்றுவிட்டுக் குடிக்கிறார், அம்மா வாசலில் நின்று பார்க்கிறாள், நல்ல இடம். 27-ல் அப்பா மனந்திரும்புகிறார். 31-ம் பக்கத்தில் அம்மா அதே மெஷினில் கிறிஸ்துமஸுக்கு உங்களுக்குப் பாவாடை தைக்கிறாள். எப்படித் திரும்பி வந்தது? யார் மீட்டது, எந்தப் பணத்தில்? உங்கள் அம்மா யார் வீட்டுத் திண்ணையில் போய் நின்றாள்? அம்மாவிடம் கேளுங்கள். முதல் நாள் சொல்ல மாட்டார்கள். மீன் உரசும்போது கேட்டுப் பாருங்கள்.